எடின்பரோவில் பேய் பார்க்கப் போவோமா?

பேய் என்றால் உங்களுக்குப் பயம் உண்டா? "இந்தக் காலத்தில் பேயாவது, பிசாசாவது!" என்று பட்டப்பகலில் சொல்லாதவர் யார்? அப்படிச் சொன்னவரையே நடுநிசியில் எழுப்பி, மொட்டை மாடியில் மறந்துபோன துணிகளை எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். "பனியில் நனைந்திருக்கும், காலையில் வெயில் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்!

மனிதருடைய இந்தச் சுபாவத்தையே மூலதனமாகப் போட்டு வியாபாரம் நடத்துகிற நகரங்கள் உலகத்தில் சில உண்டு. ஸ்காட்லாந்தின் தலைநகரமான எடின்பரோவுக்கு அவற்றில் முன் வரிசையில் இடம். பொழுது சாய்ந்தால் போதும். கறுப்பு அங்கி போர்த்த வழிகாட்டி ஒருவர் தெருமுனையில் வந்து நிற்பார். டிக்கெட் வாங்கியவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். பிறகு சந்து சந்தாக நடை. ஒவ்வொரு மூலையிலும் ஒரு பேய்க் கதை. நடுநடுவே பழமையான மதுக்கடைகளில் கொஞ்சம் இளைப்பாறல். பேய் பார்ப்பதற்குப் பணமும் கொடுத்து, கால் வலிக்க நடக்கவும் வேண்டுமா என்று கேட்கிறீர்களா? இருங்கள், அதில் ஒரு சங்கதி இருக்கிறது.

"அதெல்லாம் சரி, மதுக்கடையில் குடும்பப் பெண்களுக்கு என்ன ஜோலி?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அந்த ஊரில் 'பப்' என்பது வெறும் மதுக்கடை அல்ல. மழைக்கு ஒதுங்குகிறவர்கள், சூடாகச் சூப்புச் சாப்பிட வருகிறவர்கள், பத்திரிகை படிக்கிற கிழவர்கள், அரட்டை அடிக்கிற சிநேகிதிகள், எல்லோரும் வந்து உட்காருகிற இடம். எலுமிச்சைப் பானமோ காப்பியோ கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். ஆனால் ஒன்று: ஒரு காலத்தில் பிரிட்டனில் பல மதுக்கடைகள் பெண்களுக்குத் தனி மரியாதை செய்து வந்தன. "உங்களுக்கு இங்கே இடமில்லை" என்பதே அந்த மரியாதை! 1975-ம் வருஷம் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் சட்டப்படி திறந்தன. ஆகவே, நாம் தாராளமாக நுழையலாம்.

புறப்படுமுன் இரண்டொரு யோசனை. கருங்கல் பாவிய தெருக்கள்; மழைத் தூறலில் வழுக்கும். குதிகால் உயர்ந்த செருப்பைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் போனால் இரவு பத்து மணி வரை வெளிச்சம் போகாது. அந்த வெளிச்சத்தில் எந்தப் பேயும் எடுபடாது. அக்டோபர், நவம்பர்தான் தோது. ஆனால் குளிர் எலும்பைத் துளைக்கும். கம்பளிச் சால்வை அவசியம்.

இன்னொரு வேண்டுகோள். பேய் உண்டா, இல்லையா என்ற தர்க்கத்தை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். எந்தப் பேயைக் காட்டினாலும், "இந்த ஜீவன் உயிரோடு இருந்தபோது யார்? எப்படிச் செத்தது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துப் போகிறேன்.

கோட்டை வாசலில்

எடின்பரோவின் பழைய நகரம் ஒரு மீன் முள்ளைப் போன்றது. மேற்கே பாறையின் உச்சியில் கோட்டை. கிழக்கே சரிவின் அடியில் அரண்மனை. இரண்டையும் சேர்க்கிற நடுச்சாலைக்கு 'ராயல் மைல்' என்று பெயர். அதன் இருபுறமும் முள் முள்ளாகக் குறுகிய சந்துகள் இறங்குகின்றன. 'குளோஸ்' என்று அவற்றைச் சொல்கிறார்கள். மதில் சூழ்ந்த ஊரில் பக்கவாட்டில் இடம் இல்லை. அதனால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. அந்தக் காலத்தில் மேல்மாடிக்காரர்கள் இரவானதும், "கார்டி லூ!" என்று கூவிவிட்டு, நாள் முழுவதும் சேர்ந்த கழிவுநீரை ஜன்னல் வழியே கவிழ்ப்பார்களாம். "ஜாக்கிரதை, தண்ணீர் வருகிறது" என்று அதற்கு அர்த்தம். தெருவில் போகிறவர்கள் பேய்க்குப் பயந்தார்களோ இல்லையோ, அந்தக் கூவலுக்குக் கட்டாயம் பயந்திருப்பார்கள்!

கோட்டைக்கு முன்னால் உள்ள திடலின் ஓரத்தில், சுவரோடு சுவராக, ஒரு சின்ன நீரூற்றுத் தொட்டி இருக்கிறது. 1894-ல் வைத்தது. 'சூனியக்காரிகள் கிணறு' என்று பெயர். இங்கே பலரைச் சூனியக்காரிகள் என்று சொல்லிக் கொளுத்தினார்கள்.

ஸ்காட்லாந்தில் சூனியத்துக்கு எதிரான சட்டம் 1563-ல் வந்து 1736-ல் போயிற்று. அந்த 173 வருஷங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். நூற்றுக்கு 84 பேர் பெண்கள். என்ன குற்றம் தெரியுமா? அடுத்த வீட்டு மாடு பால் கறக்கவில்லை. ராஜாவின் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. மருந்து கொடுத்த கிழவி எதையோ முணுமுணுத்தாள். ஒப்புக்கொள்ளும் வரை தூங்க விடாமல் செய்வார்கள். நாலு நாள் தூக்கமில்லாமல் நிறுத்தினால் நிலவைத் தின்றதாகக்கூட ஒப்புக்கொள்ளத் தோன்றாதா? தண்டனை பெற்றவர்களைப் பெரும்பாலும் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, உடலை எரித்தார்கள்.

இங்கே ஓர் ஆச்சரியம். அந்த நீரூற்றில் உள்ள பலகை, அவர்களில் சிலர் தங்கள் அறிவைக் கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள், மற்றவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்கிறது. பார்த்தீர்களா? கொளுத்தி நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் முழு மனசாக, "தப்பு எங்களுடையது" என்று எழுதக் கை வரவில்லை! அந்த வார்த்தை 2022-ம் வருஷம் மார்ச் 8-ந் தேதிதான் வந்தது. அப்போது ஸ்காட்லாந்தின் முதல் மந்திரியாக இருந்த நிக்கோலா ஸ்டர்ஜன், சர்வதேச மகளிர் தினத்தன்று பார்லிமெண்டில் எழுந்து நின்று, அரசாங்கத்தின் பேரால் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

பகலில் பெரிய மனிதர், இரவில் திருடர்

ராயல் மைலில் இறங்கி வந்தால் முதலில் நம்மை அழைக்கிற மதுக்கடை, 'டீக்கன் பிராடி'. வாசல் பலகையில் இரண்டு முகங்கள். ஒரு பக்கம் கண்ணியமான கனவான்; மறுபக்கம் முகமூடிக் கள்ளன். இரண்டும் ஒரே ஆள்தான்!

வில்லியம் பிராடி பெரிய தச்சுத் தொழிலதிபர், தச்சர் சங்கத் தலைவர், நகரசபை அங்கத்தினர். பணக்காரர் வீடுகளில் அலமாரி செய்வதும் பூட்டுப் பொருத்துவதும் அவருடைய தொழில். அப்படிப் போகும்போது சாவியை மெழுகில் அழுத்தி அச்சு எடுத்துக்கொள்வார். இரவில் அந்தச் சாவியே அவருக்குக் கதவு திறக்கும். சூதாட்டக் கடன், இரண்டு ஆசை நாயகிகள், இரண்டு குடும்பங்கள், செலவுக்குக் கேட்க வேண்டுமா? 1788-ல் வரி ஆபீசில் கொள்ளையடிக்கப் போய் அகப்பட்டுக்கொண்டார். ஹாலந்துக்கு ஓடியவரைப் பிடித்து வந்து, அதே வருஷம் அக்டோபர் 1-ந் தேதி தூக்கில் போட்டார்கள்.

எடின்பரோவில் பிறந்த ஆர்.எல். ஸ்டீவன்ஸனின் வீட்டில் பிராடி செய்த ஓர் அலமாரி இருந்தது. சிறுவனாக அதைப் பார்த்து வளர்ந்தவர், பிற்காலத்தில் பிராடியைப் பற்றி நாடகமே எழுதினார். 1886-ல் அவர் வெளியிட்ட 'டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்' என்ற உலகப் புகழ் பெற்ற கதைக்கும் அந்த அலமாரிக்காரரே வித்து என்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பிராடிக்குப் பேர் இருக்கிறது, படம் இருக்கிறது, கடை இருக்கிறது, கதை இருக்கிறது. இந்தச் சலுகை எல்லாப் பேய்களுக்கும் கிடைப்பதில்லை.

தெருவுக்கு அடியில் ஒரு தெரு

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் நகரசபைக் கட்டடம். அதற்கு அடியில் ஒரு தெருவே இருக்கிறது! 1753-ல் அங்கே பெரிய வர்த்தக மண்டபம் கட்ட ஆரம்பித்தபோது, பழைய சந்துகளின் மேல்மாடிகளை இடித்துவிட்டுக் கீழ்ப் பகுதியையே அஸ்திவாரமாக்கிக் கொண்டார்கள். அப்படிப் புதைந்த சந்துகளில் ஒன்றுதான் 'மேரி கிங் குளோஸ்'. 2003 முதல் அதில் இறங்கிப் பார்க்கலாம்.

மேரி கிங் யார்? பேயா? இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் அந்தச் சந்தில் வாழ்ந்த ஒரு விதவை. நாலு குழந்தைகள். துணி வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினாள். ஆண்கள் பேரைத் தெருவுக்கு வைப்பதே வழக்கமாக இருந்த ஊரில் ஒரு பெண்ணின் பேர் ஒட்டிக்கொண்டது என்றால், அவள் எவ்வளவு மதிப்போடு வாழ்ந்திருக்க வேண்டும்!

1645-ல் ஊரில் பிளேக் பரவியது. நோய் கண்டவர்களை உள்ளே வைத்து உயிரோடு சுவர் எழுப்பினார்கள் என்று பல காலம் கதை சொல்லி வந்தார்கள். அது வெறும் கட்டுக்கதை. நோய் கண்ட வீடுகளைத் தனிமைப்படுத்தியது உண்மை. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு உணவும் நிலக்கரியும் கொடுத்தார்கள். ஜார்ஜ் ரே என்ற வைத்தியர் தோல் அங்கி போர்த்து, நோயாளிகளின் கட்டிகளைக் கீறிச் சூடு வைத்துப் பலரைப் பிழைக்க வைத்தார். தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. தோல் அங்கி தற்செயலாக அவரைக் காப்பாற்றியது. அவர் எப்படியும் செத்துப் போவார் என்ற தைரியத்தில் நகரசபை பெரிய சம்பளம் பேசியிருந்ததாம். மனிதர் சாகவில்லை! பாக்கிப் பணத்துக்காக வருஷக்கணக்கில் நடையாய் நடந்தார் என்கிறார்கள். சம்பள பாக்கிக்கு அலைந்தவர்கள் இந்தக் கதையை ஒருபோதும் மறக்க மாட்டார்கள்.

இங்கே ஓர் அறையில் பொம்மைகள் குவிந்து கிடக்கும். 1992-ல் இங்கே வந்த ஜப்பானியப் பெண்மணி ஒருவர், ஆவிகளை உணரக்கூடியவர் என்று பேர் பெற்றவர், "தாயைப் பிரிந்த ஒரு சிறுமி இங்கே பொம்மைக்காக அழுகிறாள்" என்று சொல்லி ஒரு பொம்மை வாங்கி வைத்தார். அன்று முதல் வருகிறவர்களெல்லாம் பொம்மையும் காசும் வைக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிறுமி இருந்தாளோ இல்லையோ, சேருகிற காசு நோயுற்ற குழந்தைகளுக்கான தர்மத்துக்குப் போகிறது. இப்படிப்பட்ட பேய் ஊருக்கு ஒன்று இருந்தால் நல்லதுதானே!

பாலத்தின் வயிற்றுக்குள்

அடுத்தது 'சௌத் பிரிட்ஜ்'. 1788-ல் திறந்த பாலம். 19 வளைவுகள், ஆனால் இன்று கண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றை இருபுறமும் கட்டடங்கள் மறைத்துவிட்டன. அந்த வளைவுகளுக்குள்ளே குகை குகையாக அறைகள். முதலில் செருப்புத் தைப்பவர்களும் மதுக்கடைக்காரர்களும் குடியேறினார்கள். ஆனால் மேலிருந்து மழை நீர் ஓயாமல் கசிந்தது. வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள். போக்கிடம் இல்லாத ஏழைகள் உள்ளே வந்தார்கள். ஜன்னல் இல்லை, வெளிச்சம் இல்லை, கழிப்பிடம் இல்லை.

வழிகாட்டி இங்கேதான் விளக்கைத் தணிப்பார். யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தாற்போல் இருக்கும். கழுத்தில் குளிர் மூச்சுப் படும். இது என்ன என்று பார்க்க, 2001-ல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் இருநூறுக்கு மேற்பட்டவர்களை இந்த அறைகளுக்குள் அனுப்பி வைத்தார். எந்த அறைக்குப் பேய் அறை என்ற பெயர் என்பதைச் சொல்லவில்லை. ஆனாலும் அப்படிப் பெயர் வாங்கிய அறைகளில்தான் அதிகம் பேர் எதையோ உணர்ந்தார்கள்! பேய் உண்டு என்று ருசுவாகி விட்டதா? அவசரப்படாதீர்கள். அறையின் உயரமும் வெளிச்சமும் போன்றவை மாற மாற, அந்த உணர்ச்சியும் மாறுகிறது என்று கண்டார் அவர். இருட்டும் தாழ்ந்த கூரையும் மனிதரை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இது சாட்சி. ஒரு மணி நேரம் நின்றதற்கே நமக்கு இப்படி என்றால், அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

கல்லறைக்கு இரும்புக் கூண்டு

கிரேஃபிரையர்ஸ் இடுகாட்டுக்கு வந்தால் நம்மை முதலில் வரவேற்பது ஒரு நாய். பாபி! எஜமான் 1858-ல் இறந்த பிறகு 14 வருஷம் அவர் கல்லறையருகே காத்துக் கிடந்து 1872-ல் உயிர் விட்டது என்பது கதை. கதையில் எவ்வளவு நிஜம் என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பர்டெட் கூட்ஸ் சீமாட்டி 1873-ல் அதற்குச் சிலை வைத்தார். சிலைக்குப் பின்னால் பாபியின் பேரிலேயே ஒரு மதுக்கடை. மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, சிலையின் மூக்குத் தேய்ந்துகொண்டே வருகிறது. நீங்களாவது சும்மா விடுங்கள்.

உள்ளே ஒரு பூட்டிய பகுதி. 1679-ல், ராஜாவின் மத ஏற்பாட்டை ஏற்க மறுத்துப் போராடித் தோற்ற நூற்றுக்கணக்கானவர்களை இதையொட்டிய திறந்த வெளியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். கூரை கிடையாது. குளிரிலும் பசியிலும் பலர் மாண்டார்கள். அவர்களை வேட்டையாடிய அரசாங்க வக்கீல் ஜார்ஜ் மெக்கன்ஸியும் இதே இடுகாட்டில்தான் படுத்திருக்கிறார், ஜம்மென்று மண்டபத்துக்குள். 1990-களின் கடைசியிலிருந்து அவருடைய பேய் வருகிறவர்களைக் கீறுகிறது, தள்ளுகிறது என்று பேச்சு. உயிரோடு இருந்தபோது செய்ததை விட இது ஒன்றும் பெரிதில்லை!

சில கல்லறைகளுக்கு மேல் கனமான இரும்புக் கூண்டுகள் பூட்டியிருக்கும். பிணம் எழுந்து வராமல் இருக்கவா? இல்லை, அம்மா! பிணத்தை எவரும் எடுத்துப் போகாமல் இருக்க. அந்த வயிற்றெரிச்சல் கதையை அடுத்த நிறுத்தத்தில் சொல்கிறேன்.

புல்சந்தையில்

சரிவில் இறங்கினால் 'கிராஸ்மார்க்கெட்'. மாட்டுச் சந்தையும் புல்சந்தையும் கூடிய இடம். பகிரங்கமாகத் தூக்கில் போட்ட இடமும் அதுவே. இங்கே கடைசித் தூக்கு 1784-ல். 'லாஸ்ட் டிராப்' என்று ஒரு மதுக்கடை இருக்கிறது. கடைசிச் சொட்டு என்றும் அர்த்தம். கடைசி வீழ்ச்சி என்றும் அர்த்தம். என்ன விளையாட்டுப் பாருங்கள்! அருகே 'ஒயிட் ஹார்ட்' என்ற பழைய விடுதி. 1516-லிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கவி ராபர்ட் பர்ன்ஸ் 1791-ல் தங்கியது இங்கே. 1803-ல் கவி வோர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டாரதியும் தங்கினார்கள். டாரதி அதைத் தம் பிரயாணக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே உட்கார்ந்து கதையைக் கேளுங்கள். எடின்பரோவின் வைத்தியக் கல்வி அன்று உலகப் பிரசித்தம். அறுத்துப் பார்க்க உடல்கள் வேண்டும்; சட்டப்படி கிடைத்தவை சொற்பம். ஆகவே புதைத்ததைத் தோண்டி விற்கிற திருட்டு வியாபாரம் வளர்ந்தது. அதற்குத்தான் அந்த இரும்புக் கூண்டுகள். கூண்டுக்குப் பணம் இல்லாத ஏழைகள்? சில இரவுகள் கல்லறையருகே கண் விழித்துக் காவல் இருந்தார்கள்.

பர்க், ஹேர் என்று இருவர். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் 'வெஸ்ட் போர்ட்' பகுதியில் குடியிருந்தார்கள். 1827-ல் ஹேரின் விடுதியில் வாடகை பாக்கியோடு செத்துப்போன ஒரு கிழவரின் உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸிடம் 7 பவுன் 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். ருசி கண்ட பூனை உறியை விடுமா? தோண்டுகிற சிரமம் எதற்கு என்று, 1828-ல் 16 பேரைக் கொன்றே விற்றார்கள். அன்பாகப் பேசுவார்கள், விஸ்கி ஊற்றிக் கொடுப்பார்கள், மயங்கியதும் மூச்சை அடைத்துவிடுவார்கள். அவர்கள் தேடிப் பிடித்தது, காணாமல் போனால் யாரும் தேடாத ஆட்களை. பெரும்பாலோர் பெண்கள்.

கடைசியாக மாண்டவள் மார்கரெட் டாக்கர்ட்டி என்ற ஐரிஷ்காரி. மகனைத் தேடி வந்தவள். 1828 அக்டோபர் 31, பேய்களின் இரவு என்று அவர்கள் கொண்டாடும் நாள். ஒரு கடையில் அவளைக் கண்ட பர்க், "நாமிருவரும் உறவாக இருப்போம்" என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போனான்.

அந்த வீட்டில் ஆன் கிரே என்ற ஏழைப் பெண் தன் கணவனோடும் குழந்தையோடும் தங்கியிருந்தாள். மறுநாள் மூலையில் கிடந்த வைக்கோலை விலக்கியபோது பிணத்தின் கையைக் கண்டாள். பர்க்கோடு வாழ்ந்த ஹெலன் மெக்டூகல், "வாயைத் திறக்காதே, வாரம் பத்துப் பவுன் வரும்" என்று காலில் விழுந்தாள். சொந்தமாக ஒரு கூரை இல்லாத ஆன் கிரேக்கு அது எவ்வளவு பெரிய தொகை! வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தம்பதிகள் போலீசுக்குப் போனார்கள். அதோடு அந்த வியாபாரம் முடிந்தது.

ஹேர் அப்ரூவராகித் தப்பினான். டாக்டர் நாக்ஸ் மேல் வழக்கே இல்லை. பர்க்கை மட்டும் 1829 ஜனவரி 28-ந் தேதி தூக்கில் போட்டார்கள். அவனையே அறுத்துப் பாடமும் நடத்தினார்கள். அவன் எலும்புக்கூடு பல்கலைக் கழகத்துக் காட்சிசாலையில் இன்றும் நிற்கிறது. 1832-ல் புதுச் சட்டம் வந்தது. கேட்பாரற்று இறந்த ஏழைகளின் உடலை வைத்தியப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்றது அது! திருட்டு நின்றது, ஆனால் மறுபடி யார் தலையில் விடிந்தது என்று பார்த்தீர்களா?

கொலைகாரனுக்குக் காட்சிசாலையில் இடம். துணிந்து சொன்ன ஆன் கிரேயின் பேரில் இந்தச் சந்தையில் ஒரு கடைப் பலகை கிடையாது.

கடைசி நிறுத்தம்

ஒரு பெண்ணின் பேர் தாங்கிய கடை இதே சந்தையில் இருக்கிறது: 'மேகி டிக்ஸன்'. அதோடு நம் நடை முடிகிறது.

மஸல்பரோ என்ற கடலோர ஊர்க்காரி மேகி. மீன் விற்றவள். கணவன் விட்டுப் போய்விட்டான். வேறொரு ஊரில் விடுதி வேலைக்குப் போனாள், அங்கே கர்ப்பமானாள். வெளியே சொன்னால் வேலை போகும், மானம் போகும். மறைத்தாள். குழந்தை பிறந்து இறந்தது. உடல் ஆற்றங்கரையில் அகப்பட்டது.

1690-ம் வருஷத்துச் சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? ஒரு பெண் கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்துக்குத் துணை கூப்பிடாமல் இருந்து, குழந்தையும் இறந்துவிட்டால், அவள்தான் கொன்றாள் என்று முடிவு கட்டலாம்! கொன்றதாகச் சாட்சி வேண்டியதில்லை. விட்டுப் போன கணவனுக்கும், ஏமாற்றியவனுக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

1724 செப்டம்பர் 2-ந் தேதி இந்தச் சந்தையில் மேகியைத் தூக்கில் போட்டார்கள். அவள் உடலுக்காக வைத்திய மாணவர்களும் உறவினரும் கைகலந்ததாகச் சொல்கிறார்கள். உறவினர் ஜெயித்தார்கள். சவப்பெட்டியை வண்டியில் ஏற்றி ஊருக்குப் புறப்பட்டார்கள். வழியில் பெஃபர்மில் என்ற இடத்தில் துக்கத்தை ஆற்றிக்கொள்ள ஒரு மதுக்கடையில் நுழைந்தார்கள். வெளியே நின்ற பெட்டியிலிருந்து சத்தம்! மூடி அசைந்தது. மேகி எழுந்து உட்கார்ந்தாள்!

மறுபடி தூக்கில் போடவில்லை. தண்டனை நிறைவேறியாகிவிட்டது என்பது சட்டம். கழுத்தை நெரித்த அதே சட்டம் இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 'பாதித் தூக்கு மேகி' என்ற பட்டப் பெயரோடு மேலும் 40 வருஷம் போல வாழ்ந்தாள், பிள்ளைகள் பெற்றாள், ஒரு மதுக்கடையும் நடத்தினாள் என்கிறார்கள். அந்தக் கொடிய சட்டம் 1809-ல்தான் மாறியது. மரண தண்டனைக்குப் பதில் அதிகபட்சம் இரண்டு வருஷச் சிறை என்று ஆயிற்று. மேகியைப் போல எழுந்து உட்காராதவர்கள் அதற்குள் எத்தனை பேரோ!

இப்போது முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். மருந்து கொடுத்த கிழவி, கசியும் பாலத்தடியில் வாழ்ந்தவர்கள், மகனைத் தேடி வந்த தாய், வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல முடியாத வேலைக்காரி. உயிரோடு இருந்தபோது இவர்கள் சொன்னதை ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. செத்துப் பேயான பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு கேட்கிறோம்! பயத்துக்குக் கொடுத்த காசு அது. கொஞ்சம் பச்சாத்தாபத்துக்கும் சேர்த்துக் கொடுத்ததாக இருக்கட்டுமே.

அதனால், வீட்டுக் குழந்தைகள் கொஞ்சம் பெரியவர்களானதும், "பேய்க் கதை சொல்லு" என்று நச்சரித்தால் தட்டிக் கழிக்காதீர்கள். சவப்பெட்டியின் மூடி அசைந்த கதையைச் சொல்லுங்கள். அலறி அடித்துக்கொண்டு உங்களைக் கட்டிக்கொள்வார்கள். அலறல் ஓய்ந்ததும், "அவளை ஏன் தூக்கில் போட்டார்கள்?" என்று கட்டாயம் ஒரு குழந்தையாவது கேட்கும். அதற்குப் பதில் சொல்லாமல் மட்டும் விளக்கை அணைத்துவிடாதீர்கள்.